உலகம் முடியாத மறுநாள்

வந்தவாசி
18-7-1999

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வந்தேன். அதையும் சண்டையில் கழித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், நீங்கள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை மேசைமேலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. வேண்டுமென்று விட்டதில்லை.

எப்சிபா நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்பதை நீங்கள் எனக்கு எழுதவே இல்லை. அவள் அம்மா காந்தா இறந்ததிலிருந்து இரண்டு வருடமாக நீங்கள்தான் அவளை வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்கள். அதற்கு நான் நன்றியில்லாதவன் அல்ல. ஆனாலும் அவள் என் மகள். மூன்று வருடப் படிப்பு என்கிறீர்களே அக்கா, எந்த மூன்று வருடம்?

ஆறு நாளில் தேவன் உலகத்தைப் படைத்தார். அவருக்கு ஒரு நாள் ஆயிரம் வருடம். ஆதாம் தொடங்கி ஆறாயிரம் வருடம் இந்த டிசம்பரோடு நிறைகிறது. அதோடு இந்த உலகம் அக்கினியில் அழியும், நம்பினவர்கள் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். எங்கள் ஊழியத்தை நடத்தும் எலியேசர் அண்ணன் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது நான் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். டிராயிங் மாஸ்டர் வேலையை நான் விட்டதைப் பைத்தியக்காரத்தனம் என்றீர்கள். பாவத்தில் விழுந்துபோன உலகத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சாடி வரையச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி இங்கே பக்கத்துக் கிராமத்துக்கு வெளியே இருக்கும் பாறைக்குன்றில் நாங்கள் கூடுகிறோம். எப்சியை அழைத்துக்கொண்டு நீங்களும் வர வேண்டும். உங்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

உங்கள் தம்பி,
சத்தியநேசன்


சின்ன காஞ்சிபுரம்
2-8-1999

அன்புள்ள நேசனுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. புளிச்சோற்றை மறுநாள் நானே சாப்பிட்டேன். கெட்டுப்போகவில்லை.

எப்சிக்கு இன்னும் கடிதம் எதுவும் வரவில்லை. தினமும் பதினோரு மணிக்கு வாசலில் போய் நிற்கிறாள். தபால்காரர் கோதண்டபாணி சைக்கிளை நிறுத்தாமல் போய்விடுகிறார். "நம்ம மார்க்கு பத்தலை போலருக்குது அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பாத்திரம் தேய்க்க உட்காருகிறாள். அழுதால்கூடத் தேவலாம் என்று இருக்கிறது.

ஆறு நாள், ஆறாயிரம் வருடம் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு நம் சாரோனம்மா டீச்சர்தான் நினைவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கம்பளித்துணி போர்த்திய ஒரு பலகை வைத்திருப்பாரே. சூரியனை ஒட்டுவார், மரத்தை ஒட்டுவார், மீனை ஒட்டுவார். ஒவ்வொரு நாள் முடிந்ததும் நாம் எல்லோரும் "நல்லது" என்று கத்த வேண்டும். ஆறாம் நாள் மட்டும் "மிகவும் நல்லது". உனக்கு அப்போது ஆறு வயது. விலங்குகள் வரிசையில் யானை இல்லை என்று நீயே ஒன்று வரைந்து கத்தரித்துக்கொண்டு வந்தாய். அதன் நெற்றியில் பெரிய நாமம். ஏதேன் தோட்டத்தில் நாமம் போட்ட யானை எப்படி வந்தது என்று டீச்சர் கேட்டதற்கு, "யானைன்னா அப்படித்தான் டீச்சர் இருக்கும்" என்றாய். வரதர் கோயில் யானையைத் தவிர வேறு யானையை நீ பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் பாம்பையும் கனியையும் ஒட்டுவதற்காக அவர் பழைய படங்களை எடுக்க ஆரம்பித்தார். நீ ஓடிப்போய் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். "இதோட நிறுத்திடுங்க டீச்சர், மேல போவாதீங்க" என்று அழுதாய். அப்பா ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளைதான் இன்று எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறான்.

எனக்கு வேத அறிவு உன் அளவுக்கு இல்லை. நாலாம் வகுப்பு டீச்சர் நான். ஆனால் ஒன்று கேட்கிறேன். தன் கையால் செய்ததைப் பார்த்து நல்லது நல்லது என்று ஆறு தடவை சொன்னவர், அதைக் கொளுத்திவிட்டுப் போய்விடுவாரா?

அக்கா,
மனோரஞ்சிதம்


வந்தவாசி
10-10-1999

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், அதைப் படித்த அன்று என்னால் பிரசங்கம் செய்ய முடியவில்லை. யானையை நான் மறந்தே போயிருந்தேன்.

நல்லது என்று சொன்னார், உண்மை. ஆனால் அது மனிதன் பாவத்தில் விழுவதற்கு முன்னால். நீங்கள் எப்போதும் வேதத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறீர்கள். காந்தாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பிறகு ஆஸ்பத்திரி. பதினெட்டு நாள். கடைசி நாளில் அவள் கண் எந்த நிறத்தில் இருந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். வர்ணங்களோடு பழகியவன் நான். அந்த மஞ்சளை நான் இனி எந்தப் படத்திலும் தொட மாட்டேன். அவளுக்கு முப்பத்தெட்டு வயது, அக்கா. இதையும் பார்த்து நல்லது என்று சொல்லச் சொல்கிறீர்களா?

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் தேவ சித்தம் என்றார்கள். எலியேசர் அண்ணன் ஒருவர்தான் அப்படிச் சொல்லவில்லை. "இது இப்படி இருக்க வேண்டிய உலகம் இல்லை, தம்பி. இது முடியப்போகிறது" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இரண்டு வருடமாக நடக்கிறேன்.

டிசம்பரில் எப்சியோடு வந்துவிடுங்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

நேசன்


சின்ன காஞ்சிபுரம்
5-12-1999

அன்புள்ள நேசனுக்கு,

நாங்கள் வரப்போவதில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எப்சி காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வருகிறவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போடும் புடவைகளைத் திரும்ப மடித்து வைக்கும் வேலை. கல்யாணத்துக்கு எடுக்க வரும் கூட்டம் ஒரு நாளில் இருநூறு புடவையைப் பிரித்துப் போடுமாம். சாயங்காலம் வந்தால் விரல் நுனியெல்லாம் சரிகை கீறிச் சிவந்திருக்கிறது.

உன் கடிதத்தை அவளும் படித்தாள். நான் ஒளித்து வைக்கவில்லை. படுக்கப் போகும்போது கேட்டாள்: "அத்தை, உலகம் முடிஞ்சிடணும்னு அப்பா வேண்டிக்கினு இருக்காரே. நான் இங்கதானே இருக்கறேன்?" பதிலை நீ சொல்.

நான் முதல் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று எழுதினாயே, அதனால் கடைசிப் பக்கங்களை எடுத்துப் படித்தேன். மனிதர்கள் இந்தப் பூமியைவிட்டு மேலே போய்விடுவதாக அங்கே நான் காணவில்லை. ஒரு நகரம் கீழே இறங்கி வருகிறது. எல்லாவற்றையும் புதிதாக்குகிறேன் என்கிறார். எல்லாவற்றையும் வேறாகப் படைக்கிறேன் என்று சொல்லவில்லை. கண்ணீரைத் துடைப்பார் என்று இருக்கிறது. துடைப்பதற்கு முகம் வேண்டும், நேசா. காந்தாவின் முகம் வேண்டும். எரித்துவிட்டால் எதைத் துடைப்பது?

அந்த நகரத்தில் கோயிலே இருக்காது என்றும் எழுதியிருக்கிறது. தேவனே மனிதரோடு குடியிருப்பதால் தனியாகக் கோயில் எதற்கு என்று அர்த்தம். இதைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ரமாமணியிடம் சொன்னேன். அவள் கணவர் பெருமாள் சந்நிதியில் பாசுரம் பாடும் கோஷ்டியில் சேவிக்கிறவர், உனக்குத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே, "கோயில் இல்லாத ஊரா? எங்காத்துக்காரர் அங்கே வந்து பொழுதுக்கும் என்ன பண்ணுவார், மனோ?" என்றாள். பிறகு அவளே, "பெருமாளே தெருவில குடியிருந்தா, வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுண்டே இருப்பார்" என்றாள். அந்த நகரத்தை அதைவிட நன்றாக எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

காந்தா இறந்ததை நான் தேவ சித்தம் என்று சொல்லமாட்டேன். அன்றும் சொல்லவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். நான் சமையலறையில் இருந்தேன்.

மனோரஞ்சிதம்


சின்ன காஞ்சிபுரம்
9-1-2000

நேசா,

ஒன்றாம் தேதி விடிந்தது. காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தோம். கேசரி கிளறினேன். எப்சி வாசலில் கோலம் போட்டு வருடத்தை எழுதினாள். மூன்று பூஜ்யம் எழுத அழகாக இருக்கிறது என்றாள்.

அன்றே வருவாய் என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆகிறது. உங்கள் ஊழியக்காரர்கள் கலைந்து போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்குமா என்றும் தெரியவில்லை.

இங்கே யாரும் உன்னைக் கேலி செய்யப் போவதில்லை. செய்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். வந்தவாசி இரண்டு மணி நேரப் பயணம். வந்துவிடு.

அக்கா


வந்தவாசி அருகில், ரிஷபதாஸ் நயினார் தோட்டம்
21-5-2000

அக்காவுக்கு,

உங்கள் ஜனவரிக் கடிதம் சுற்றிச் சுற்றிப் போன மாதம்தான் என்னிடம் வந்தது. நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

பாறையில் நாற்பத்து மூன்று பேர் இருந்தோம். எலியேசர் அண்ணன் சென்னையிலிருந்து வரவில்லை. நான்தான் ஜெபத்தை நடத்தினேன். கிழக்கு வெளுத்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு சூரியன் வந்தது. தினமும் வருவதுபோலத்தான் வந்தது. கீழே ஊரில் யாரோ மாட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் இறங்கிப் போனாள். குழந்தைக்குப் பசி.

கடைசியாகத் தில்லையம்மாள் என்ற ஒருத்தி மட்டும் என்னோடு இருந்தாள். புருஷன் இல்லாதவள், கூலி வேலை செய்கிறவள். ஐப்பசியில் அவள் வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்ற வேண்டும் என்றபோது, எதற்கு, டிசம்பரோடு முடியப்போகிறதே என்று சொன்னவன் நான். மழைக்காலம் முழுவதும் ஒழுகுகிற வீட்டில் அவள் கிடந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "இப்ப என்னாபா பண்றது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். என்னிடம் பதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"முதல்ல உன் கூரையைப் பாக்கலாம்மா" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

எனக்குக் கூரை வேயத் தெரியாது. பக்கத்து ஊரில் கைலாசம் என்பவரிடம் நான்கு நாள் கூடமாட இருந்து கற்றுக்கொண்டேன். ஓலை வாங்குவதற்காக இந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கூரை போட்டு முடித்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டேன். ரிஷபதாஸ் நயினார் ஜைனர். முதல் நாள் என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "உலகத்த யாரும் உண்டாக்கலப்பா. அதனால அழிக்கவும் யாரும் வரமாட்டாங்க. நீ போய் அந்த எலுமிச்சைக்குத் தண்ணி வுடு" என்றார். அவர் சொன்னதை நான் நம்பவில்லை. உண்டாக்கினவர் இருக்கிறார் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் தண்ணீர் விட்டேன். ஆதாமுக்கு முதன்முதலில் கொடுத்த வேலையும் ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என்பது நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பாறைக்கு வந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். எல்லா வீட்டுக்கும் போய்விட்டேன், ஒரு வீட்டைத் தவிர. அது நம் வீடு.

அக்கா, போன வருடம் ஜூலையில் நான் வந்த அன்று, நீங்கள் பள்ளிக்கூடமும் எப்சி கடைத்தெருவுக்கும் போயிருந்தபோது, அவளுக்கு நர்சிங் பள்ளியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். பிரித்துப் படித்தேன். பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளை நாசத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்தேன். அந்தக் கவர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் மார்க் பத்தாமல் போகவில்லை.

இதை வைத்துக்கொண்டு எப்படி பஸ் ஏறுவேன்?

நேசன்


சின்ன காஞ்சிபுரம்
27-5-2000

நேசனுக்கு,

கடிதம் கிடைத்தது.

தாய் இல்லாத பெண்ணுக்கு வந்த ஒரே ஒரு நல்ல கடிதத்தைத் திருடிக்கொண்டு போய், அதை ஊழியம் என்று சொல்லித் திரிந்திருக்கிறாய். பத்து மாதமாக அவள் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு புடவை மடிக்கிறாள். இதற்கு எந்த வசனத்தைக் காட்டுவாய்? அப்பா இருந்திருந்தால் உன்னை வாசல்படி ஏற விட்டிருக்க மாட்டார்.

இதற்குமேல் எழுதினால் தகாததை எழுதுவேன்.

மனோரஞ்சிதம்


சின்ன காஞ்சிபுரம்
6-6-2000

அன்புள்ள நேசனுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதில் எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் அதை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

எனக்குத் தெரியும், நேசா. உன் கடிதம் வருவதற்கு முன்பே தெரியும். நீ போன மறுநாள் ரேஷன் கடை வாசலில் கோதண்டபாணியைப் பார்த்தேன். "இன்னா டீச்சரம்மா, பாப்பாவுக்கு நர்ஸ் ஸ்கூல்லேந்து நீட்டு கவரு வந்துதே, சார் கையில குடுத்தேனே, சீட்டு கெடச்சுதா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றே உனக்கு எழுதியிருக்கலாம். நர்சிங் பள்ளிக்கு நேரில் போய்க் கேட்டிருக்கலாம். போயிருந்தால் தேர்வுத் தேதியாவது தெரிந்திருக்கும். ஒன்றும் செய்யவில்லை. கடிதம் எதுவும் வரவில்லை என்று உனக்கே எழுதினேன். நீயாக ஒப்புக்கொள்கிறாயா என்று பார்ப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உண்மைக் காரணம் அது இல்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. உன்னை வளர்த்தேன், அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன், கல்யாணம் தள்ளிப்போய் நின்றேபோனது. காந்தா போன பிறகு எப்சி இந்த வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் நான் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் ஒரு ஆள் இருந்தது. மூன்று வருடம் அவள் விடுதிக்குப் போய்விட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். பாம்பு என்னிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

பழியை உன்மேல் போட வசதியாக நீ இருந்தாய். ஏதேன் தோட்டத்தில் ஆதாம் மனைவியைக் காட்டினான், அவள் பாம்பைக் காட்டினாள். சிறுவயதில் அந்தப் பாடத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். எல்லாவற்றையும் பார்க்கிறவரிடமிருந்து மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்களா என்று. நான் பத்து மாதம் ஒளிந்திருந்தேன், அதுவும் எப்சியோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு.

முந்தாநாள் எப்சியை உட்காரவைத்து இரண்டையும் சொன்னேன். நீ செய்ததையும், நான் செய்ததையும். அவள் கையில் காப்பி டம்ளர் இருந்தது. அதை மெதுவாகத் தரையில் வைத்தாள். "நீங்களுமா அத்தை?" என்றாள். பிறகு துணிகளை எடுத்துக்கொண்டு ரமாமணி வீட்டுக்குப் போய்விட்டாள். ரமாமணி வந்து, "ரெண்டு நாள் இருக்கட்டும், நீ வந்து கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கூப்பிடவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உன் தில்லையம்மாள் கேட்டதைத்தான் நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

அக்கா


ரிஷபதாஸ் நயினார் தோட்டம்
25-6-2000

அன்பான அக்காவுக்கு,

நேற்று எப்சி வந்தாள். தனியாக. உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாளா என்று தெரியாததால் உடனே எழுதுகிறேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். ஒரு வருடத்தில் காந்தாவின் நடை அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"கவரு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

எடுத்து வந்து கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். தேதி, நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் என்று எல்லாவற்றையும் வாய்க்குள் படித்தாள். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா செத்தப்ப எனக்கும்தான் அம்மா இல்லாம போச்சு. உங்களுக்கு மட்டும்தான் உலகம் முடிஞ்சுதாப்பா?"

அக்கா, எத்தனை மேடையில் பேசியிருப்பேன். "இல்லம்மா" என்றேன். அது ஒன்றுதான் வந்தது. பிறகு நான் அழுதேன். அடக்கத்தன்று நான் அழவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவள் அழவில்லை. வரப்பில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

இந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். ஐந்து மணிக்கு ரிஷபதாஸின் மனைவி மதனவதி அம்மாள் அவளுக்கும் இலை போட்டார். சாப்பிட்ட பிறகு எப்சி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இந்த வருடத்து விண்ணப்பம். பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ரமாமணி அம்மாதான் வாங்கிக் கொடுத்தார்களாம்.

"மன்னிச்சுட்டேன்னு இப்ப சொல்ல முடியாது. பொய் சொல்ல வேணாம்னு பாக்கறேன். கையெழுத்து போடுங்க."

போட்டேன். பஸ் ஏற்றிவிடப் போனபோது, அத்தை எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "சரியா சாப்பிடறதில்ல. நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

இதற்குள் அவள் வந்திருப்பாள் என்று நம்புகிறேன்.

நேசன்


சின்ன காஞ்சிபுரம்
11-3-2001

அன்புள்ள நேசனுக்கு,

எப்சியின் நர்சிங் பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இந்த முறை கோதண்டபாணி மணியடித்து, நான் வரும்வரை காத்திருந்து, என் கையிலேயே கொடுத்தார். வருகிற இருபத்தெட்டாம் தேதி விளக்கேற்றும் விழா. முதல் வருடப் பிள்ளைகள் எல்லோரும் கையில் விளக்கோடு உறுதிமொழி எடுப்பார்களாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேரை அனுமதிப்பார்கள். எப்சி இரண்டு சீட்டிலும் பெயர் எழுதி அனுப்பியிருக்கிறாள். ஒன்றில் என் பெயர், ஒன்றில் உன் பெயர். வேறு ஒரு வரியும் எழுதவில்லை.

அவள் போய் ஆறு மாதம் ஆகிறது. நான் பயந்ததுபோலத்தான் வீடு இருக்கிறது. சாயங்காலம் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறேன். ஆனால் அந்தப் பயத்தை இப்போது நேராகப் பார்க்க முடிகிறது. ரமாமணி சில நாள் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஏதேன் தோட்டம். ஒரு பெண் குழந்தை, "அவங்க திரும்ப அந்தத் தோட்டத்துக்கே போவாங்களா டீச்சர்?" என்று கேட்டது. இல்லை, அந்தத் தோட்டத்துக்கு இல்லை என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே தெளிவாகத் தெரிந்தது. நாம் மூவரும் ஜூலைக்கு முன்னால் இருந்ததுபோல இனி இருக்க மாட்டோம். அந்தப் பத்து மாதம் இல்லாமல் போகாது. அதையும் சேர்த்துக்கொண்டுதான் ஏதோ ஒன்று புதிதாக வரவேண்டும்.

விழா பத்து மணிக்கு. முதல் நாளே வந்துவிட்டால் இங்கிருந்து சேர்ந்து போகலாம். நல்ல சட்டை இல்லையென்றால் சொல், எடுத்து வைக்கிறேன்.

அக்கா


ரிஷபதாஸ் நயினார் தோட்டம்
2-4-2001

அன்பான அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சட்டை அளவு சரியாக இருந்தது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

விழாவை நீங்களும் பார்த்தீர்கள், அதனால் அதை எழுதவில்லை. நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். விழா முடிந்து, நீங்கள் அவளுடைய வார்டன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தீர்களே, அப்போது எப்சி என்னிடம் வந்தாள். வெள்ளைச் சீருடையில் அவளைக் கிட்டத்தில் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தனக்கு இப்போது எந்த வார்டு என்று சொன்னாள். கல்லீரல் கெட்டுப்போனவர்கள் படுத்திருக்கும் வார்டு. மஞ்சள் கண்களைப் பார்த்தால் முதலில் வராந்தாவுக்கு வந்துவிடுவாளாம். "இப்ப பழகிடுச்சு. அவங்க கையப் புடிச்சுக்கினு கொஞ்ச நேரம் நிப்பேன்" என்றாள். நான் எதைப் பார்க்க முடியாமல் உலகத்தையே எரிக்கச் சொன்னேனோ, அதன் பக்கத்தில் என் மகள் தினமும் போய் நிற்கிறாள், அக்கா. வெளுத்துப்போன முகத்தில் நிறம் திரும்புவதை இரண்டு பேரிடம் பார்த்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

பிறகு கேட்டாள்: "மே மாசம் பதினைஞ்சு நாள் லீவு வுடறாங்க. நான் எந்த வீட்டுக்கு வரணும்பா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. தோட்டத்துக்கு ஒரு வாரம், உங்களிடம் ஒரு வாரம் என்று நாளைப் பிரித்து வைத்திருந்தாள். யாருக்கும் குறை வரக்கூடாது என்று யோசித்திருக்கிறாள். அந்த வயதில் ஒரு பெண் அப்படி யோசிக்கும்படி நாம் வைத்திருக்கிறோம்.

"அத்தை வீட்டுக்கு வாம்மா. நானும் அங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

உங்களைக் கேட்காமல் சொன்னது தவறு. ஆனால் சொன்ன பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் திரும்பி வரும்வரை விடவில்லை.

வேலையை விட்டுக் கிளம்புகிறேன் என்று ரிஷபதாஸ் நயினாரிடம் சொல்லிவிட்டேன். இங்கே ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலை கேட்டிருந்தேன்; அது வேண்டாம், அந்த வேலையைக் காஞ்சிபுரத்திலேயே எங்காவது தேடிக்கொள்கிறேன். நாளை தில்லையம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவேன். பெரிய அறை எப்சிக்கு இருக்கட்டும். எனக்குக் கூடத்தில் ஒரு பாய் போதும்.

உங்கள் தம்பி,
நேசன்